‘ஒரு கப்’ என்றால் எத்தனை மில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பக்கத்தைக் கத்தரித்து வைத்துச் செய்து பார்ப்பவர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். அண்மையில் வந்த கேக் குறிப்பு ஒன்றில் மைதா 2 கப், சர்க்கரை 1 கப், பால் முக்கால் டம்ளர், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை ஸ்பூன் என்று இருந்தது. கப் எவ்வளவு, டம்ளர் எவ்வளவு, ஸ்பூன் என்றால் தேக்கரண்டியா மேசைக்கரண்டியா, எதற்கும் விளக்கம் இல்லை. சாம்பாருக்கு இப்படி எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. புளி கூடினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டிக் கொள்ளலாம். ஓவனுக்குள் போன கேக்கை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

“எந்தக் கப்பாக இருந்தால் என்ன, எல்லாவற்றையும் அதே கப்பால் அளந்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மாவு, சர்க்கரை, பால் மட்டும் உள்ள குறிப்புக்கு அது சரிதான்; விகிதம் மாறாது. ஆனால் முட்டையும் பேக்கிங் பவுடரும் கப்பைக் கேட்டு வருவதில்லை. 240 மி.லி. கப்புக்காக எழுதிய குறிப்பை 200 மி.லி. டம்ளரால் அளந்தால் மாவும் சர்க்கரையும் பாலும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். முட்டை மூன்று மூன்றாகவே இருக்கும். கலவை இளகிவிடும். மாவோடு ஒப்பிட்டால் பேக்கிங் பவுடர் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். கேக் மளமளவென்று எழும்பி, நடுப்பகுதி வெந்து இறுகுவதற்குள் அமுங்கிக் குழி விழும். சோடா உப்பு சேர்க்கும் குறிப்பாக இருந்தால் சோப்பு வாடையும் கூடவே வரும். பழி எப்போதும் ஓவன் மேல்தான்.

கப்பில் எத்தனை வகை என்று பார்த்தால், அமெரிக்கக் கப் 236.6 மி.லி.; நடைமுறையில் 240 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானியக் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. இது ஜப்பானின் பழைய அரிசி அளவிலிருந்து வந்தது. குக்கர் பாத்திரத்தின் உட்பக்கத்தில் உள்ள கோடுகள் இந்தக் கப்புக்காகப் போட்டவை. அந்தக் கப் தொலைந்துபோய், 240 மி.லி. கப்பால் இரண்டு கப் அரிசி போட்டு ‘2’ என்ற கோடு வரை தண்ணீர் விட்டால் சோறு விதைவிதையாக நிற்கும். குக்கர் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் கப்பைப் பார்ப்பது நல்லது.

நம்மூரில் பாத்திரக் கடை செட்டுகளிலும், வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் கொண்டுவரும் செட்டுகளிலும் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. கைப்பிடியிலோ அடியிலோ பொறித்திருக்கும். பொறிக்காததைச் சோதிக்க எலெக்ட்ரானிக் தராசு போதும். காலிக் கப்பை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் விட்டால் காட்டும் கிராம்தான் மி.லி. தராசு இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஊற்றிப் பாருங்கள். சரியாக இரண்டு கப் வந்தால் 250. இரண்டு கப் போக ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் மிஞ்சினால் 240. ஸ்பூனுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சைவிடத் துல்லியமானது வீட்டில் வேறு கிடைக்காது. ஒரு முழு சிரிஞ்சுத் தண்ணீர் ஸ்பூனில் தளும்பாமல் விளிம்பு தொட்டு நின்றால் அது தேக்கரண்டி. காப்பிக்குச் சர்க்கரை போடும் ஸ்பூன்கள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை.

தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. 240 மி.லி. கப்பில் 16 மேசைக்கரண்டி. கால் கப் 4 மேசைக்கரண்டி. மூன்றில் ஒரு கப் 5 மேசைக்கரண்டியும் 1 தேக்கரண்டியும். குறிப்பைப் பாதியாக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். முக்கால் கப்பில் பாதி 6 மேசைக்கரண்டி. மூன்றில் ஒரு கப்பில் பாதி 2 மேசைக்கரண்டி, 2 தேக்கரண்டி. முட்டையில் பாதி வேண்டுமென்றால் ஓடு நீக்கி அடித்து, அதில் 25 கிராம் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை: அவர்களுடைய மேசைக்கரண்டி 20 மி.லி.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பெரிய தவறு ஒன்று அச்சில் திரும்பத் திரும்ப வருகிறது: “1 கப் = 250 கிராம்”. 250 மி.லி. கப் என்றால் தண்ணீருக்கு இது பொருந்தும், பாலுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். மைதாவுக்கு அறவே பொருந்தாது. 240 மி.லி. கப்பில் மைதா 120 முதல் 125 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரை 200, பொடித்த சர்க்கரை 120-ஐ ஒட்டி, வெண்ணெய் 227, தேங்காய் எண்ணெய் 220, தேன் 340 கிராம். “2 கப் மைதா” என்பதை இந்த வாய்ப்பாட்டை நம்பி அரை கிலோ என்று நிறுத்துப் போட்டால் மாவு இரண்டு மடங்காகிறது. வெளியே வருவது கேக் அல்ல, செங்கல்.

மைதாவிலும் 120 கிராம் வரும் என்பது, எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது. டப்பாவுக்குள் கப்பை நேராக முக்கி, அழுத்தி எடுத்தால் அதே கப்பில் 150 கிராம் ஏறிவிடும். இரண்டு கப்புக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வித்தியாசம். மாவை முதலில் கரண்டியால் கிளறிவிட்டு, கரண்டியால் அள்ளிக் கப்பில் உதிர்த்து, கத்தியின் முதுகால் தலை தட்ட வேண்டும். கப்பை மேடையில் தட்டக் கூடாது. தட்டினால் மாவு இறங்கி, இடம் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும். “சலித்த மைதா 1 கப்” என்பதும் “மைதா 1 கப், சலித்தது” என்பதும் வேறு வேறு: முன்னது சலித்தபின் அளப்பது, பின்னது அளந்தபின் சலிப்பது. குறிப்பு எழுதுபவர்கள் இந்த வரிசையைக் கவனித்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

தலை தட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது நம் பழைய அளவைகளையும் சொல்லியாக வேண்டும். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் இரண்டு வாய்ப்பாடுகள் இங்கே கலந்து கிடக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்பது ஒன்று. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை என்பது மற்றொன்று. நாழி இரண்டிலும் வருகிறது என்பதற்காக இரண்டும் ஒரே கொள்ளளவு என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டி வீட்டு நாழிக்கு எத்தனை மி.லி. என்று புத்தகத்தில் தேடுவதைவிட, அதில் தண்ணீர் விட்டு அளந்து ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைப்பதே சரி. தானியத்தைக் குவித்து அளப்பார்களா, தலை தட்டி அளப்பார்களா என்பதையும் கூடவே எழுதுங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் குவியல் பெரிது, வாய் குறுகியதில் சிறிது. அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு பாத்திரங்கள்கூடக் குவித்து அளந்தால் ஒன்றுபோல வராது.

சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரிக்கும் முந்திரிக்கொத்தில் இது கண்கூடாகத் தெரியும். “சிறுபயறு ஒரு நாழி” என்றால் வறுப்பதற்கு முன் முழுப்பயறாக அளந்ததா, வறுத்துப் பொடித்தபின் அளந்ததா? பொடித்தால் பயறு பொலபொலத்து அதிக இடத்தைப் பிடிக்கும். ஒரு நாழி முழுப்பயற்றைவிட ஒரு நாழிப் பொடியின் எடை குறைவு. கருப்பட்டிப் பாகு மட்டும் மாறாமல் இருந்தால், ஒன்று பாகு போதாமல் உருண்டை உடைந்து எண்ணெயில் சிதறும், அல்லது பாகு மிஞ்சி உருண்டை தட்டையாகிப் படியும். கருப்பட்டியும் அப்படியே: உடைத்த துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு காற்று என்று யார் கண்டார்கள்? அதைக் கிராமில் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. துருவிய தேங்காயும் கல்லுப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம்; கல்லுப்பில் பரல்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் அதே கரண்டியில் எடை குறையும்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளுக்கும் ஒரு வார்த்தை. வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், அதாவது சுமார் 87 மி.லி., ஒரு மேசைக்கரண்டிப் பாலும் சேர்த்தால் ஈடாகும். முட்டையும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே வந்தால் எண்ணெய் கலவைக்குள் கட்டி கட்டியாக உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான்.

பழைய குறிப்பேடுகளை எடுத்து வெளியிடும்போது பைண்ட், அவுன்ஸ் வந்தால் எந்த நாட்டுடையது என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பைண்ட் 568 மி.லி., அமெரிக்க பைண்ட் 473. அவுன்ஸ் வெண்ணெய்க்கு எழுதியிருந்தால் எடை, 28.35 கிராம், பாலுக்கு எழுதியிருந்தால் கொள்ளளவாகத்தான் இருக்கும்.

ஆகவே சமையல் பக்கத்தின் அடியில் நிரந்தரமாக ஒரு வரி போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: “கப் 240 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி., எல்லாம் தலை தட்டிய அளவு.” மாவு, சர்க்கரை, கருப்பட்டி, தேங்காய்த் துருவல் ஆகியவற்றுக்குக் கிராமையும் சேர்த்து அச்சிடுங்கள். சோடா உப்புக்கு எதிரே “தேவையான அளவு” என்று இனி வேண்டாம். கிறிஸ்துமஸ் இணைப்பில் கேக் குறிப்பு வரும்போது டின் அளவும் இருக்கட்டும். 8 அங்குல வட்ட டின்னுக்கு எழுதியதை 9 அங்குல டின்னில் ஊற்றினால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடி, கேக் தட்டையாகிச் சீக்கிரம் வறண்டுவிடும். 7 அங்குலத்தில் ஊற்றினால் பொங்கி வழியும். எந்த டின்னிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கலவை நிரப்பக் கூடாது என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம்.