வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார்: வாங்க வருமுன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வருபவர்களில் பலரும் காரின் கதவைத் திறக்கும் முன்பே கேட்பது, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" தினமும் வேலைக்குப் போய்வர வண்டி தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே பேரம் முடிந்துவிடுவதைப் பார்க்கும்போது எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியிலிருந்து 15 ஓடும் வண்டிக்கு மாறினால், 1000 கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிச்சம். அதே 5 கிலோமீட்டர் வித்தியாசம் 20-க்கும் 25-க்கும் நடுவே என்றால், மிச்சம் வெறும் 10 லிட்டர். ஆகவே சிக்கனமான இரண்டு சின்ன கார்களுக்கு நடுவே தடுமாறும்போது, மைலேஜ் கொஞ்சம் குறைந்தாலும் ஒழுங்காகப் பராமரித்த வண்டியையே எடுங்கள். கிளட்ச் ஒரு தடவை போனால், மாதக்கணக்கில் மிச்சம்பிடித்தது அத்தனையும் அதிலேயே போய்விடும்.

அப்புறம், தயாரிப்பாளர் சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. சாலையில் அது பெரும்பாலும் குறையும். ஐரோப்பாவில் 2017-இல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனை முறை வந்ததே இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். அதற்கு முந்தைய வண்டியின் எண்ணையும் பிந்தையதன் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

டீசல் கார் அதிக மைலேஜ் தரும், சரி. ஆனால் புகை வடிகட்டி உள்ள டீசல் கார், அதில் சேரும் கரியை சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காத நீண்ட ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் அலுவலகம் என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் காரே நல்லது. நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு, பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் பொருந்தும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலில் ஒரு பங்கை அது பேட்டரியில் சேர்த்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம் குறைவு. பழைய டொயோட்டா பிரியஸ் பார்க்கிறீர்களா? பின் சீட்டின் பக்கவாட்டில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதில் தூசியும் நாய்முடியும் அடைத்திருந்தால் பேட்டரி சூட்டில் வாடியிருக்க வாய்ப்புண்டு. பேட்டரியைச் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வண்டி பார்த்தாலும், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடிய வண்டியில் ஈரம் தங்கியும் அப்படி ஆகும். ஆனால் ஆயில் அளவுக் கம்பியிலும் அதே நிறம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைகிறது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஓடிய கிலோமீட்டர் குறைவாகக் காட்டுகிறதா? பிரேக் பெடலின் ரப்பரையும் ஓட்டுநர் சீட்டின் ஓரத்தையும் பாருங்கள், அவை அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்றும் கேளுங்கள். ரப்பர் பெல்ட் என்றால் அதை மாற்றிய பில் வேண்டும். "மாற்றியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. ஓட்டத்தில் அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்; அந்தச் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தொட்டுவிடும்.

எங்கள் வண்டிகளையும் இப்படியே சோதியுங்கள். உங்கள் மெக்கானிக்கையும் அழைத்து வாருங்கள். முந்தின நாளே சொல்லிவிட்டால், நீங்கள் வரும்வரை அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்