கடைசி மில்லிமீட்டரில் மங்குவது லென்ஸ் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக வாங்குகிறவர்களுக்குப் புரியும்படி எழுதியிருந்தார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 70-300 லென்ஸை (ஃபோகல் தூரத்தை 70 மி.மீ.யிலிருந்து 300 மி.மீ. வரை மாற்றலாம், எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) 200ஐத் தாண்டி இழுக்காதீர்கள், அதற்கு மேல் படம் மங்கிவிடும் என்று போகிற போக்கில் சொல்லியிருந்த ஒரு வரி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த லென்ஸை வாங்குகிறவர் அந்த 300க்காகத்தான் வாங்குகிறார். அதைத் தொடாதே என்று சொல்வதற்கு முன்னால் மங்கலுக்குக் காரணம் லென்ஸ்தானா என்று பார்த்திருக்க வேண்டாமா?

அந்த வரிக்குச் சான்றாக 300 மி.மீ.யில் எடுத்த மீன்கொத்தி படத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதை நான் நிறைய நேரம் உற்றுப் பார்த்தேன். பறவையின் கண்ணும் மார்பும் மசமசவென்றுதான் இருக்கின்றன, உண்மை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் கிளையைப் பாருங்கள், வாலுக்குச் சற்றுப் பின்னால் பட்டையில் வெடித்திருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கிளையை அப்படி எடுத்துக் கொடுத்த லென்ஸ் பறவையை மட்டும் எப்படி மங்கலாக்கும்? ஃபோகஸ் பறவையை விட்டுப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. பழி லென்ஸ் மேல் விழுந்துவிட்டது.

இது அந்தப் புகைப்படக்காரரைக் குறை சொல்வதற்காக இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏபிஎஸ்-சி என்ற, ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் 300 மி.மீ., எஃப்5.6 (எஃப் எண் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையைக் குறிக்கும், எண் கூடினால் துளை சுருங்கும்) வைத்து 6 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையை எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 செ.மீ., அதாவது ஓர் உள்ளங்கை அகலம். அதே தூரம், அதே அப்பர்ச்சர், 200 மி.மீ. என்றால் சுமார் 20 செ.மீ. கிடைக்கும். 200இல் ஃபோகஸ் ஐந்தாறு செ.மீ. தவறினாலும் படம் தப்பித்துவிடும், 300இல் அதே தவறு கண்ணில் குத்தும். நாம் என்ன நினைக்கிறோம்? 200இல் நன்றாக இருந்த லென்ஸ் 300இல் மங்கிவிட்டது என்று.

கைநடுக்கமும் அப்படித்தான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 300 மி.மீ.யில் கேமரா ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதைவிடக் கொஞ்சம் குறைவாக அசைந்தாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஷட்டர் வேகம் ஃபோகல் தூரத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 300 மி.மீ. என்றால் 1/300 விநாடியாவது வேண்டும் என்ற பழைய விதி ஃபிலிம் காலத்தில், சிறிய பிரின்ட் போட்டுப் பார்த்த காலத்தில் பிறந்தது. ஏபிஎஸ்-சியில் சென்சார் சிறியது என்பதால் ஒன்றரை மடங்கு கூட்டினால், 300க்கு அந்த விதிப்படி 1/450 வரும். இன்றைக்கு 100 சதவீதம் பெரிதாக்கித் திரையில் பார்க்கிறவருக்கு அது போதாது, நான் 1/1000க்குக் கீழே இறங்குவதே இல்லை, அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், ஏறிப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தாலும் பரவாயில்லை. இரைச்சலைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தைச் சரிசெய்வது அவ்வளவு சுலபமில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும், 70-300 எஃப்4.5-5.6 லென்ஸில் ஜூமை இழுக்க இழுக்க எஃப் எண் தானாகவே 4.5இலிருந்து 5.6க்குக் கூடும், சென்சாரில் விழும் வெளிச்சம் குறையும். ஆட்டோவில் விட்டிருந்தால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் கேமரா ஷட்டரை இன்னும் மெதுவாக்கிவிடலாம், அதாவது வேகம் அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் வேகம் குறைகிறது.

நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். எஸ்எல்ஆர் கேமராக்களில் கழற்றி மாட்டும் லென்ஸ்களில் முதன்முதலாக 1995இல் கேனன் தன் 75-300இல் கொண்டுவந்த காலத்திலிருந்து அது எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் அது நம் கையின் அசைவைத்தான் தடுக்கும். சட்டென்று தலையைத் திருப்பும் பறவையை அது என்ன செய்யும்?

அப்புறம் காற்று. வெயில் ஏறிய பிறகு மண்ணுக்கும் தாருக்கும் மேலே கானல் ஆடும்போது தூரத்தில் இருப்பதை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. ட்ரைபாட் வைத்தும் பயனில்லை. விடிகாலையில் எடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் போங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் 70-300 லென்ஸ் ஏறத்தாழ இரண்டு வருடம் 300இல் மென்மையாகவே எடுத்தது. 70இல் அருமை, 135இல் அருமை, 300 போனால் ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மெல்லிய இரட்டைக் கோடு. லென்ஸின் குணமே இதுதான் என்று நம்பி, விற்றுவிடுவதற்காகப் பெட்டியில் வைக்கும்போது, முன்னால் போட்டிருந்த பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றினேன். லென்ஸ் வாங்கிய அன்றே கடையில் போட்டுக் கொடுத்தது, மலிவான கண்ணாடி. கழற்றிய கையோடு ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருந்த ஒரு கம்பி வேலியை எடுத்துப் பார்த்தேன். இரட்டைக் கோடு இல்லை. திரும்ப ஃபில்டரைப் போட்டேன், கோடு வந்தது. கழற்றினேன், போய்விட்டது. ஐந்தாறு தடவை அப்படியே செய்து பார்த்தேன், நம்பவே முடியவில்லை.

70இல் ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 70 மி.மீ., எஃப்4.5இல் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி உள்ளே நுழையும் வாயிலின் விட்டம் சுமார் 15.5 மி.மீ.தான். 300 மி.மீ., எஃப்5.6இல் அது சுமார் 53.5 மி.மீ. அவ்வளவு பெரிய பரப்பில் ஃபில்டர் சமதளமாக இல்லாவிட்டால் அந்தக் குறை முழுவதும் படத்தில் வந்து சேரும். இரண்டு வருடப் படங்கள் போனது போனதுதான், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, லென்ஸில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபோகல் தூரம் கூடக் கூட, வெவ்வேறு நிற ஒளிகள் ஒரே இடத்தில் குவியாமல் போகும் பிரச்சினையும் பெரிதாகும். அதை அடக்கத்தான் குறைந்த நிறப்பிரிகை உள்ள ஈடி கண்ணாடி, ஃப்ளூரைட் எல்லாம் போடுகிறார்கள். அவை இல்லாத மலிவான 75-300 லென்ஸ்களில் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து 300இல் எடுத்தால் வெளிச்சமான ஓரங்களில் ஊதா நிறம் கசியும், மென்மை தெரியும், அதை மறைக்க வேண்டியதில்லை. எஃப்8க்குச் சுருக்கினால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடும். அதற்காக எஃப்16 வரை போகக் கூடாது, சிறிய துளை வழியே போகும்போது ஒளி பரவும் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் எஃப்8இல் சுமார் 11 மைக்ரான் வட்டமாகவும் எஃப்16இல் சுமார் 21 மைக்ரான் வட்டமாகவும் பரவும், அங்கே எந்த விலை லென்ஸும் ஒன்றுதான். சில லென்ஸ்களில் உள்ளே ஒரு கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கும், படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும், அப்படியென்றால் பழுது பார்க்கக் கொடுக்கத்தான் வேண்டும். மறுபக்கம், கடைசி எல்லையிலேயே பிரமாதமாக இருக்கும் ஜூம்களும் இருக்கின்றன, 2014இல் வந்த கேனன் 100-400 இரண்டாம் பதிப்பு ஒன்று போதும் சொல்வதற்கு.

ஆனால் கட்டுரையாளர் கேட்காமல் விட்ட கேள்வி வேறு. 300, 200 அளவுக்குக் கூர்மையாக இருக்கிறதா என்பதை வைத்து நான் என்ன செய்வது? பறவை தூரத்தில் இருக்கிறது. 200இல் எடுத்தால் அதை வெட்டிப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும், 300இல் கிடைக்கும் அதே அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் ஏறத்தாழ 10.7தான் மிஞ்சும். 300இல் எடுத்த கொஞ்சம் மென்மையான 24 மெகாபிக்சல் படத்தில் இறகு அதிகம் தெரிகிறதா, வெட்டிய படத்தில் அதிகம் தெரிகிறதா? பார்க்க வேண்டியது இதைத்தான்.

நான் பார்த்தேன். செய்தித்தாள் பக்கம் ஒன்றைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டி, 15 மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வைத்து, நடுக்கத் தடுப்பை அணைத்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, 200இலும் 300இலும் எஃப்8இல் எடுத்தேன். இரண்டையும் ஒரே அளவாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தலைப்பு இரண்டிலும் தெளிவுதான். செய்தியின் பொடி எழுத்துக்குப் போனால், 200இல் வெட்டிய படத்தில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தன, எது எது என்று சொல்ல முடியவில்லை. 300இல் சுழிகளை எண்ண முடிந்தது. ஓரங்கள் கொஞ்சம் மென்மைதான், மெய்யெழுத்தின் புள்ளி சற்றுப் பரவித்தான் இருந்தது, ஆனாலும் வாசிக்க முடிந்தது. முழுக்கத் திறந்து எஃப்5.6இல் எடுத்தபோதுகூட 300தான் முன்னால் நின்றது. என் லென்ஸ் விலை உயர்ந்ததும் இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் ஒரு ஜூம் லென்ஸின் கடைசி எல்லையைப் பற்றி எழுதும்போது படத்துக்குக் கீழே ஃபோகல் தூரத்தை மட்டும் போடாமல் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு எடுத்தது, முன்னால் ஃபில்டர் இருந்ததா என்பதையும் போடுங்கள். பக்கத்திலேயே 200இல் எடுத்து வெட்டிய படத்தையும் வையுங்கள். முடிந்தால் அதே மீன்கொத்திப் படத்தை அடுத்த இதழில் ஒருமுறை மறுபடி வெளியிட்டு, கிளையின் பட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு லென்ஸை விற்க நினைத்திருப்பவர் யாராவது இருந்தால், அவர் கண்ணில் அது பட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்