தமிழில் அறிவியல் புனைகதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். மனிதரும் அறிவுள்ள திமிங்கலங்களும் ஒரே கடலுலகில் சேர்ந்து வாழும் கதைகளை விரும்பிப் படிக்கும் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: அந்தத் திமிங்கலங்களுக்கு மனித மூளையை மாட்டிவிடாதீர்கள். அரசன், சேனாதிபதி, வாள்வீச்சு என்று தரைக்கதையையே தண்ணீருக்குள் இறக்கினால் (துடுப்பால் வாளை எப்படிப் பிடிப்பது என்பது வேறு கேள்வி) கடல் வெறும் திரைச்சீலை ஆகிவிடுகிறது.

நீருக்குள் தீ மூட்ட முடியாது. தீயில்லாத இடத்தில் உலோகமும் இல்லை. ஆகவே அவர்களுடைய நாகரிகம் நினைவையும் ஒலியையும் கொண்டே எழும்ப வேண்டும். காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் செல்கிறது. அம்பர்கிரிஸ் (அதன் குடலில் உருவாகும் மெழுகு போன்ற பொருள்) கடத்தல் செய்திகளில் மட்டுமே நாம் கேள்விப்படும் ஸ்பெர்ம் திமிங்கலம், 1,000 மீட்டருக்கும் கீழே, கும்மிருட்டில், தன் சொடுக்கொலியின் எதிரொலியைக் கேட்டே கணவாய் பிடிக்கிறது. அந்த எதிரொலி உடலையும் ஊடுருவும் என்று வைத்துக்கொண்டால், எதிரில் இருப்பவரின் நெஞ்சு படபடப்பதும் வயிற்றில் கரு வளர்வதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும் சமூகத்தில் ஒருவர் பொய் சொல்வது எப்படி? ஒரு நாவலுக்கு இது போதாதா?

2016 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு கடற்கரையில் குட்டைத்துடுப்பு பைலட் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கியதையும், மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டவை மீண்டும் கரைக்கே திரும்பியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டத்தைப் பிரிய மனமில்லாத இயல்பு இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த இனத்தின் பெண் திமிங்கலங்கள் குட்டி ஈனும் பருவம் முடிந்த பின்னும் பல்லாண்டுகள் வாழ்கின்றன. பாட்டிமார் நடத்தும் அப்படியொரு அவையில், கூட்டாளியைக் கடலில் விட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பிய மனிதனுக்கு என்ன தீர்ப்புக் கிடைக்கும்?

மனிதர் பக்கத்துக்கும் நம் ஆட்களையே வையுங்கள். மருத்துவாழ் மலையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வைத்துக் கடலடியிலுள்ள பாரை (மீன் கூடும் பாறைத்திட்டை) கண்டுபிடித்த பெரியவர், கரையே இல்லாத உலகில் எதை வைத்து இடம் குறிப்பார்? திமிங்கலத்திடம்தான் கேட்க வேண்டும். அதுவோ, முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லும். குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்வளத் திட்டில் எண்ணெய் தேடும் பேச்சு அடிபடும் இக்காலத்தில், இரு தரப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவு இரைச்சலைப் பற்றியதாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேற்குக் கடலில் விசைப்படகுத் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஆழ்கடல் தொழிலாளிகள் கரையில் இருப்பார்கள். எழுதுமுன் ஒருமுறை வந்து அவர்களிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
குளச்சல் வாசகன்