பார்கோடு போடப் போறவங்க கவனத்துக்கு

மக்களே, பண்ருட்டி முந்திரி, ஊறுகாய்லாம் பாக்கெட் போட்டு கடலூர், பாண்டி சூப்பர் மார்க்கெட்ல வைக்கப் போறீங்கன்னா பில்லிங்ல அடிக்க ஈஏஎன்-13ங்கற 13 இலக்க பார்கோடுதான் வேணும், பார்கோடு நம்பர் கொடுக்கற அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவுல பதிவு பண்ணா 890ல ஆரம்பிக்கிற நம்பர் வரும், நெட்ல கிடைக்கிற ஜெனரேட்டர்ல இஷ்டத்துக்கு ஒரு நம்பர் அடிச்சுக்காதீங்க, அது வேற யாரோட பொருளாவும் இருக்கலாம். 100 கிராமுக்கு ஒண்ணு, 250 கிராமுக்கு ஒண்ணுன்னு தனித்தனி நம்பர், இதுல போய் சிக்கனம் பாக்காதீங்க 🙏

பாக்கெட்டுகள அடுக்கி அனுப்பற அட்டைப்பெட்டிக்கு ஐடிஎஃப்-14ங்கற 14 இலக்க பார்கோடு. எழுத்து, நம்பர் ரெண்டும் போடக்கூடிய கோட் 128 பார்கோடு உங்க குடோன் கணக்குக்கு ஓகே, கடை கவுன்டருக்கு வேணாம்.

அப்புறம் டிசைனர் அழகா இருக்கும்னு சிவப்பு கோடு போட்டா ஒத்துக்காதீங்க, ஸ்கேனரோட சிவப்பு லைட்டுக்கு அது வெள்ளையாத்தான் தெரியும், வெள்ளை மேல கருப்பே போதும், ரெண்டு பக்கமும் காலி இடம் விடணும். டவுட்னா லேபிள் போட்டோவ இங்கயே போடுங்க, பிரஸ்ஸுக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி!