மரபணுப் பெருக்கமும் 'குப்பை' டி.என்.ஏ.வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மரபணுப் பெருக்கம் (ஒரு மரபணுவின் படிகள் வழக்கத்தைவிட மிகுதியாவது) பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வருவோர் சிலரே என்பதால் குறை சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. ஆனால், மார்பகப் புற்றுநோய்க் கட்டியில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 மரபணு பெருகியிருப்பதாகத் தெரிந்தால் குடும்பத்தினரும் அதற்காகச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற வரி, வீண் அச்சத்தை விளைவிக்கும். அந்தப் பெருக்கம் கட்டியின் செல்களுக்குள் நேர்ந்தது. பெற்றோர் வழி வந்ததன்று, பிள்ளைகளுக்குப் போவதும் அன்று. குடும்பவழி வரும் மார்பகப் புற்றுநோயில் தேடப்படுபவை பி.ஆர்.சி.ஏ. முதலிய வேறு மரபணுக்களின் மாற்றங்கள்.

பெருக்கம் எப்படி நேர்கிறது என்பதைச் சொல்லாமல் கடந்ததும், மீள்வரிசைகளைக் 'குப்பை' என்று ஒரே சொல்லில் தள்ளியதுமே இப்பிழைக்குக் காரணம் என்று கருதுகிறேன். மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழப் பாதி, ஏதோ ஒரு வகையில் திரும்பத் திரும்ப வரும் இந்த மீள்வரிசைகளே. அவற்றில் பெரும்பகுதிக்கு இன்ன பணி என்று காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பணி இல்லாதவற்றால் விளைவும் இல்லை என்று கொள்வதற்கில்லை.

ஹெர்2 இருக்கும் அதே 17-ஆம் குரோமோசோமின் இன்னொரு கரத்தில், நரம்புறைக்குத் தேவையான பி.எம்.பி.22 என்ற மரபணு இருக்கிறது. அதைத் தாங்கிய சுமார் 15 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளப் பகுதியின் இரு ஓரங்களிலும், ஏறக்குறைய 24,000 எழுத்து நீளமுள்ள, ஒன்றுபோலவே அமைந்த இரு மீள்வரிசைகள் காவல் நிற்பதுபோல் நிற்கின்றன. முட்டையோ விந்தோ உருவாகும் வேளையில் இணைக் குரோமோசோம்கள் அருகருகே பொருந்தும்போது, இடப்பக்க மீள்வரிசை தவறுதலாக வலப்பக்கத்து மீள்வரிசையோடு சேர்ந்து, அங்கே குறுக்கேற்றம் (இரு குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நிகழ்ந்தால், ஒன்றில் அந்தப் பகுதி இரண்டாகிறது. மற்றொன்றில் அறவே இல்லாமல் போகிறது. இரட்டித்ததைப் பெற்ற குழந்தைக்குச் சார்கோ-மாரி-டூத் என்னும் நரம்பு நோயின் ஒரு வகையும், இழந்ததைப் பெற்ற குழந்தைக்குச் சிறு அழுத்தத்துக்கே நரம்பு மரத்துப்போகும் வேறொரு நோயும் வருகின்றன. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிகளின் எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது. இது இனப்பெருக்கச் செல்லில் நேர்வதால், இங்கே குடும்பத்தினரைச் சோதிப்பதற்குப் பொருள் உண்டு.

கட்டிகளில் நடப்பதன் போக்கு வேறு. அதன் ஒரு வழியை 1930-களின் இறுதியிலேயே மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்டிருந்தார். முனை முறிந்த குரோமோசோம் படியெடுக்கப்பட்டதும் இரு படிகளின் முறிந்த முனைகளும் ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும்போது இரு துருவங்களும் அதை இழுக்க, நடுவில் அறாமல் ஓரமாக அறுகிறது. ஒரு சேய்ச் செல்லுக்கு மரபணு இரட்டிப்பாகக் கிடைக்கிறது. அறுந்த முனை மறுபடியும் ஒட்டுகிறது, மறுபடியும் அறுகிறது. இப்படி உண்டாகும் படிகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்த புதிய மீள்வரிசைகளாகவும் ஆகிவிடுகின்றன என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை எதிர்த்துப் பிழைத்த எலிச் செல்களில், அம்மருந்து தாக்கும் நொதிக்கான மரபணு பன்மடங்காகப் பெருகியிருப்பதை 1978-இல் ராபர்ட் ஷிம்கேயின் ஆய்வுக்குழு காட்டியது. இத்தகைய செல்கள் சிலவற்றைக் கண்ணாடி வில்லையில் பரப்பிச் சாயமேற்றிப் பார்த்தால், குரோமோசோம்களுக்கு இடையே நுண்ணிய புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மாணவனாக முதன்முறை பார்த்தபோது அவற்றைச் சாயத் துகள் என்றே நினைத்து, வில்லையைக் கழுவப் போனேன். இரட்டை இரட்டையாக இருப்பதைப் பார்க்கச் சொல்லி ஆசிரியர் தடுத்தார். அவை பெருகிய மரபணுவைத் தாங்கிய டி.என்.ஏ. துணுக்குகள். குரோமோசோமைத் துருவத்துக்கு இழுக்கப் பற்றும் இடமான சென்ட்ரோமியர் இல்லாத இத்துணுக்குகள் செல் பிரியும்போது சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மருந்தை நிறுத்தினால் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துபோகும்.

ஹன்டிங்டன் என்ற மரபுவழி மூளை நோயையும் கட்டுரை இதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அங்கே பெருகுவது முழு மரபணு அன்று. மரபணுவுக்குள் இருக்கும் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர், படியெடுத்தலின்போதோ பழுதுபார்ப்பின்போதோ வழுக்கி நீள்கிறது. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் உறுதி. சோதனைக் குழாயில் டி.என்.ஏ.வைப் பன்மடங்காக்க நாம் செய்யும் பி.சி.ஆர். படியெடுப்புக்கும் 'பெருக்கம்' என்றே பெயர் இருப்பதால், கட்டுரையின் பெட்டிச்செய்தி அதையும் இவற்றோடு குழப்பியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் திருத்தம் வெளியிட இடமில்லை என்றால், ஹெர்2 பற்றிய அந்த ஒரு வரியையாவது அடுத்த அறிவியல் பக்கத்தில் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற செல் உயிரியல் ஆசிரியர்