அலோமோமோலாவை உட்கார வைக்காதே

பண்டாரவளை
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டது, மஸ்கெலியா ரோட்டில் இப்போது பஸ்ஸும் வேனும் நெருக்கியடித்துக்கொண்டு போகும். உங்கள் பக்கத்துத் தேயிலைக்கும் இதுதானே நல்ல காலம். காய்ந்த காற்றும் குளிர்ந்த இரவும் பங்குனி வரைக்கும் கிடைக்கும். எங்கள் ஊவாப் பக்கத்துக்கு அந்தக் காற்று வர ஆடி பிறக்கவேண்டும். இங்கே எல்லாரும் சுகம்.

நீ அனுப்பிய போக்கிமோன் ஆட்டங்களின் ரீப்ளே ஆறையும் இரண்டு தடவை பார்த்தேன். ஆறிலும் ஒரே சங்கதிதான். உன் மீன் போக்கிமோன் அலோமோமோலா உள்ளே வருகிறது, அடுத்த டர்ன் முடிவில் உயிர் கொடுக்கும் விஷ், அடியைத் தடுக்கும் புரொடெக்ட், மறுபடி விஷ், புரொடெக்ட் என்று தன்னையே நிரப்பிக்கொள்கிறது. எதிரி அந்த நேரத்தில் சாவகாசமாக ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை ஏற்றிக்கொண்டு உன் டீமையே உழுதுவிட்டுப் போகிறான். நீ அதைச் சுவராக நினைக்கிறாய். அது சுவர் இல்லை மச்சான். மற்ற ஐந்து பேருக்கும் உயிரைச் சுமந்துகொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். விஷ்ஷை அமுக்குவதற்கு முன்னால் அது யாருக்கு என்று உன் மனதில் ஒரு பெயர் இருக்கவேண்டும். பெயர் இல்லையென்றால் அமுக்காதே.

கணக்கைச் சொல்கிறேன், எல்லாம் லெவல் 100க்கு. அலோமோமோலாவின் அடிப்படை எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, 165. பிறவிப் புள்ளியான ஐவி 31, பயிற்சிப் புள்ளியான ஈவி 252 போட்டால் மொத்தம் 534. விஷ் கொடுப்பது போட்டவரின் எச்பியில் பாதி, அதாவது 267. வாங்குகிறவரின் எச்பி எவ்வளவு என்பதை அது பார்ப்பதில்லை, விளையாட்டின் ஐந்தாம் தலைமுறையிலிருந்து இதுதான் விதி. டிராகபல்ட்டுக்கு எச்பியில் ஈவி போடாவிட்டால் 317, கார்ச்சாம்புக்கு 357. 267 என்பது டிராகபல்ட்டுக்கு ஏறக்குறைய முழு உயிர், கார்ச்சாம்புக்கு முக்கால். இதே வேலையைச் செய்யும் வேப்போரியனின் விஷ் 232தான். அதற்கு அடிக்கிற பலம் கூட உண்டு, ஆனால் ரீஜெனரேட்டர் என்ற திறன் கிடையாது. அந்த ஒரு குறை போதும், நான் அலோமோமோலா பக்கம்தான்.

ரீஜெனரேட்டர் என்றால் களத்தை விட்டு வெளியே போகும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு எச்பி திரும்பி வருவது. 534க்கு 178. இதற்குச் செலவு எதுவும் இல்லை, மூவ் ஒன்றும் வீணாவதில்லை, வெளியே போனால் போதும். உள்ளேயே நின்றால் ஒரு சதமும் கிடைக்காது. நீ தோட்டத்து ஆள், உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரே மலையை நாள்தோறும் எடுத்தால் கொழுந்து ஏது? சுற்று விட்டு வந்தால்தான் கூடை நிறையும்.

இப்போது ஒரு இடத்தை நிதானமாகப் பார். எதிரில் கிரேட் டஸ்க், வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் (குணம்), அட்டாக்கிலும் ஸ்பீடிலும் 252. உன்னிடம் ரிலாக்ஸ்ட் நேச்சரில் எச்பி 252, டிஃபென்ஸ் 252 போட்ட அலோமோமோலா. பின்னால் டிராகபல்ட் வெறும் 50 எச்பியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் டர்னில் டஸ்க் எர்த்குவேக் அடிக்கிறது. உனக்குப் போவது 136க்கும் 162க்கும் இடையில். நீ விஷ் போடுகிறாய். இரண்டாம் டர்னில் டஸ்க் மறுபடி எர்த்குவேக், அதுவும் அலோமோமோலா மேலேயே விழுகிறது, ஏனென்றால் டஸ்க் உன்னைவிட வேகம். அதன் பிறகுதான் நீ ஃபிளிப் டர்ன் அடிக்கிறாய், அடித்த கையோடு வெளியேறி இன்னொருவரை உள்ளே விடுகிற தண்ணீர் அடி அது. டஸ்க்குக்குத் தண்ணீர் ஆகாது, 84இலிருந்து 98 வரை போகும், அதன் உயிரில் கால்வாசிக்குப் பக்கம். அலோமோமோலா வெளியே, டிராகபல்ட் உள்ளே, ஒரு அடியும் வாங்காமல். டர்ன் முடிவில் விஷ் விழுகிறது. 50உம் 267உம் சேர்ந்தால் 317. ஒரு சொட்டுக் குறையாமல் நிரம்பிய டிராகபல்ட், தன்னைவிட வேகம் குறைந்த டஸ்க்குக்கு நேரே நிற்கிறது. அலோமோமோலா இரண்டு டர்னில் 300 அளவில் இழந்து 178ஐத் திரும்ப எடுத்துக்கொண்டு 412இல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு காட்சிக்காகத்தான் அதை டீமில் சேர்க்கிறோம்.

இதில் முக்கியம், நீ எதிரிக்குப் பின்னால் அசைவது. ஃபிளிப் டர்ன் முதலில் போனால் அந்த அடியை வாங்குவது உள்ளே வருகிற டிராகபல்ட்தான். 50 எச்பியில் அது அடியைத் தாங்காது. விஷ் விழும் நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் மயங்கிக் கிடந்தால் விஷ்ஷும் அதோடு போயிற்று. அதனால் ஸ்பீடைக் குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரிலாக்ஸ்ட் நேச்சர் டிஃபென்ஸைக் கூட்டி ஸ்பீடைக் குறைக்கும், ஐவி 31 இருந்தால் 149, ஐவி 0 என்றால் 121. போல்ட் நேச்சர் போடாதே, அது அட்டாக்கைக் குறைத்து ஃபிளிப் டர்னை மொட்டையாக்கும். 121இலும் ஸ்லோகிங், டொண்டோசோ மாதிரி ஆட்கள் உன்னைவிட மெதுவாகத்தான் வருவார்கள். அவர்களுக்கு எதிரில் அடி தாங்கக்கூடியவரை மட்டும் உள்ளே கொண்டுவா, சாகக் கிடக்கிறவரைக் கொண்டுவராதே.

எர்த்குவேக் மாதிரி உடல் அடிகளைத் தாங்கும் டிஃபென்ஸா, தண்டர்போல்ட் மாதிரி சிறப்பு அடிகளைத் தாங்கும் ஸ்பெஷல் டிஃபென்ஸா என்று கேட்டிருந்தாய். இதுதான் யோசிக்கவேண்டிய கேள்வி. டிஃபென்ஸில் போட்டால் 284, மிச்சம் 4 ஈவியோடு ஸ்பெஷல் டிஃபென்ஸ் 127. அந்த 127ஐ வைத்துக்கொண்டு மாடெஸ்ட் நேச்சர் போட்ட ரேஜிங் போல்ட்டின் தண்டர்போல்ட் மின்சார அடியை வாங்கினால் குறைந்தது 626. உன் உயிரே 534தான், ஒரே அடியில் முடிந்தது. இனி மாற்றிப் பார். ஸ்பெஷல் டிஃபென்ஸைக் கூட்டும் சாஸி நேச்சர், அதிலேயே ஈவி 252 என்றால் அது 207க்கு ஏறும், அதே தண்டர்போல்ட் 384இலிருந்து 452 வரைதான். நின்றுவிடும். ஆனால் அந்தப் பக்கம் டஸ்க்கின் எர்த்குவேக் 196இலிருந்து 232 வரை ஏறிவிடும். முன்னே ஒரு அடியை ரீஜெனரேட்டரின் 178 முழுவதுமாகத் துடைத்துவிட்டது, இப்போது துடைக்காது. ஆகவே உன் டீமில் மின்சார அடியை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இருந்தால், தரை வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ரிலாக்ஸ்ட் போடு. இல்லாவிட்டால் சாஸி. எனக்குக் கேட்டால் ரிலாக்ஸ்ட்தான், ஒரு அடிக்கு ஒரு வெளியேற்றம் என்ற அந்தச் சரிக்கட்டு கைவிட்டுப் போகக்கூடாது.

கையில் பிடிக்கவேண்டியது ஹெவி-டியூட்டி பூட்ஸ், தரையில் கிடக்கும் பொறிகள் தாக்காமல் காக்கும் பொருள். லெஃப்ட்ஓவர்ஸ் வேண்டாம். லெஃப்ட்ஓவர்ஸ் டர்னுக்கு 33 கொடுக்கும், நல்லதுதான். ஆனால் பூட்ஸ் இல்லாவிட்டால் எதிரி போட்டுவைத்த ஸ்டெல்த் ராக், நீ உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் 66 எடுக்கும், ஸ்பைக்ஸ் மூன்று அடுக்கும் விழுந்திருந்தால் இன்னுமொரு 133. மொத்தம் 199. வெளியே போகும்போது வந்த 178 உள்ளே வரும்போதே போய்விடுகிறது, பிறகு எதற்கு இந்த மீன்? நாக் ஆஃப் வாங்கி பூட்ஸைப் பறிகொடுத்தால் இந்த நிலைதான் வரும். உன் நாலாவது ரீப்ளேயில் நடந்ததும் அதுவே. நாக் ஆஃப் வரும் என்று தெரிந்தால் அந்த அடியை வேறு ஒருவர் வாங்கட்டும், கூடவே ராக்கையும் ஸ்பைக்ஸையும் கூட்டித்தள்ள ஒருவர் வேண்டும். கிரேட் டஸ்க்கின் ரேப்பிட் ஸ்பின் அதற்கு நன்றாகப் பொருந்தும். முன் சொன்ன டிராகபல்ட் கதையிலும் ராக் கிடந்திருந்தால், பூட்ஸ் இல்லாத டிராகபல்ட் உள்ளே வரும்போதே 39 இழந்து 11இல் நின்றிருக்கும்.

மூவ் நாலும்: விஷ், ஃபிளிப் டர்ன், புரொடெக்ட், சில்லிங் வாட்டர். புரொடெக்ட்டைத் தன்னை நிரப்ப மட்டும் வைத்திருக்காதே. எதிரி ஒரே மூவில் மாட்டிவைக்கும் சாய்ஸ் பொருள் பிடித்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் விஷ் போட்ட மறு டர்னில் புரொடெக்ட் அமுக்கு. எந்த மூவில் மாட்டியிருக்கிறான் என்று தெரிந்துவிடும், 267உம் வந்துவிடும். அடுத்தடுத்து இரண்டாம் தடவை புரொடெக்ட் நிற்க மூன்றில் ஒரு வாய்ப்புத்தான், அந்தச் சூதாட்டம் வேண்டாம். சில்லிங் வாட்டரின் பலம் 50தான், ஆனால் எதிரியின் அட்டாக்கை ஒரு படி இறக்கும், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்காரனுக்கு நீ காட்டக்கூடிய ஒரே முறைப்பு அது. கிங்காம்பிட்டுக்கு மட்டும் அவசரப்பட்டு அடிக்காதே. அது டிஃபயண்ட் வைத்திருந்தால் நீ ஒரு படி இறக்க, அது இரண்டு படி ஏற்றிக்கொள்ளும்.

ஃபிளிப் டர்ன் தவறும் இடங்களை மனப்பாடம் செய்துகொள். எதிரி புரொடெக்ட் போட்டால் நீ வெளியே போகமாட்டாய். வாட்டர் அப்சார்ப் உள்ளவர் மேல் அடித்தாலும் போகமாட்டாய், அவருக்கு உயிரும் ஏறும். நீல முகமூடி போட்ட ஓகர்போன், அதாவது வெல்ஸ்பிரிங், இப்படித்தான் உன்னை நட்டாற்றில் விடும். காஸ்ட்ரோடனின் ஸ்டார்ம் டிரெய்னும் அதே மாதிரி. இவர்களில் ஒருவர் வரப்போகிறார் என்று தோன்றினால் கையாலேயே மாற்று, ரீஜெனரேட்டர் அதற்கும் வேலை செய்யும். ஃபிளிப் டர்ன் தொடுகிற அடி என்பதையும் மறக்காதே. ராக்கி ஹெல்மெட் 89 எடுக்கும், கார்ச்சாம்பின் ரஃப் ஸ்கின் 66 எடுக்கும்.

டோண்ட் வாங்கினால் மூன்று டர்னுக்கு விஷ்ஷும் புரொடெக்ட்டும் பூட்டு. பயப்படாதே, ஃபிளிப் டர்ன் திறந்தே இருக்கும், அடித்துவிட்டு வெளியேறு, வெளியேறினால் டோண்ட்டும் கழன்றுவிடும். கடைசியாகப் போட்ட மூவிலேயே மாட்டிவைக்கும் என்கோரும் வெளியேறினால் கழன்றுவிடும், அதற்குக் கையாலேயே மாற்று.

பிபி, அதாவது ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற கணக்கிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒன்பதாம் தலைமுறையில் உயிர் நிரப்பும் ரிக்கவர், ரூஸ்ட், ஸ்லாக் ஆஃப் எல்லாவற்றையும் 5ஆகக் குறைத்துவிட்டார்கள், முழுக்க ஏற்றினாலும் 8தான். விஷ் 10இலேயே நிற்கிறது, ஏற்றினால் 16. ஆட்டம் இழுத்துக்கொண்டு போனால் எதிரியின் ரிக்கவர் உன் விஷ்ஷுக்கு முன்னால் தீரும். ஆட்டத்துக்கு ஒரு தடவை வகையை மாற்றும் டெராவை இதற்குச் செலவழிக்காதே, அடிக்கிறவருக்கு வை. வேறு வழியே இல்லாத நேரத்துக்கு டிராகன் டெரா எழுதிவை, மின்சாரமும் புல்லும் பாதியாகும்.

தம்பிக்கு ஸ்கார்லெட் கேமிலேயே வளர்த்துக் கொடுக்கப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். ரீஜெனரேட்டர் மறைந்த திறன், சாதாரணமாகப் பிடித்ததில் வராது. அபிலிட்டி பேட்ச் ஒன்று கொடுத்தால் மாறும். நேச்சருக்கு ரிலாக்ஸ்ட் மின்ட். ஈவிக்கு எச்பி அப் 26, அயன் 26, ஒன்றுக்கு 10 வீதம் ஏறி கடைசிப் போத்தலில் 252இல் நிற்கும். ஒரு போத்தல் 10,000, ஆக 5,20,000 சேர்க்கவேண்டும். ஐவியை 31க்கு ஏற்றும் பாட்டில் கேப்பை எச்பி, டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸுக்கு மட்டும் போடச் சொல். ஸ்பீடுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் பிறகு இறக்க வழியில்லை. தங்கக் கேப் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிவிடும், அதைத் தொடவே வேண்டாம். ஷோடவுன் என்ற இணைய ஆட்டத் தளத்தில் இந்தச் சிரமம் ஒன்றுமில்லை, ஸ்பீட் ஐவி இடத்தில் 0 என்று எழுதினால் முடிந்தது. ஃபோன் பிரவுசரிலேயே ஓடும், காசும் இல்லை. மழை இறங்கி சிக்னல் அறுந்தாலும் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், வானம் தெளிந்த நேரம் பார்த்து ஆடு.

இரட்டையர் ஆட்டம் வேறு சங்கதி. அங்கே லெவல் 50, எச்பி 272, விஷ் 136. இரண்டு பேர் சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஒரு டர்ன் காத்திருப்பது நீண்ட நேரம். வைட் கார்ட் போட்டு எர்த்குவேக், ராக் ஸ்லைட், ஹீட் வேவ் மாதிரியான பரந்த அடிகளைத் தடுப்பதுதான் அங்கே அதன் வேலை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அடுத்த கடிதத்தில் மற்ற ஐந்து பேரையும் ஈவியோடு எழுதி அனுப்பு. மின்சார அடியை யார் வாங்குகிறார், ஸ்பின் யாரிடம், விஷ் வாங்கி உள்ளே வந்ததும் எதிரியை விரட்டக்கூடியவர் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்கிறேன். இரண்டு பேராவது இல்லாவிட்டால் டீமை மாற்றவேண்டியிருக்கும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். தம்பிக்கு என் அன்பு.

இப்படிக்கு
உன் பழைய கூட்டாளி