பழைய பிக்கப்களுக்குப் பவர் ஸ்டியரிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பலகாமம் பக்கம் நெல் ஏற்றும் பழைய ஹைலக்ஸ் ஃபோர்வீல் பிக்கப்களுக்கு இப்போது பவர் ஸ்டியரிங் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். அகல டயரோடு, மூட்டை ஏற்றிய வண்டியை வரம்போரம் மெதுவாகத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் சில கராஜ்களில் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பெட்டியையும், அதற்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் பம்பையும் பூட்டிவிட்டுச் சரி என்கிறார்கள். அந்தப் பெட்டி தள்ளும் விசை முழுவதும் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் அது பூட்டிய இடத்தில்தான் இறங்குகிறது. சேஸிக்குள் குழாய் வைத்து, வெளியே தகடு அடித்துப் பலப்படுத்தாவிட்டால், நாளடைவில் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். சேறு படிந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஸ்டியரிங் கம்பிகளை வெட்டி ஒட்டவும் விடாதீர்கள். நமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இதற்கொரு குறுகியகாலப் பயிற்சி வைத்தால், நான் வந்து செய்து காட்டத் தயார்.

கராஜ்காரர் ஒருவர்,
திருகோணமலை.